அக்கா சொல்லச் சொன்னது

என் ஓரகத்தி இறந்த அன்று மத்தியானம் நடந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூச்சு வாங்குகிறது என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது நாள். கட்டில் கம்பியில் ஒரு கவரில் பன் ரொட்டி தொங்கியது. பச்சை விரிப்பின் மூலையில் கறுப்பு மையில் நம்பர் போட்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

அப்போதுதான் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, வீட்டில் இருந்த தன் மகளிடம் சொல்லும்படி ஒன்று சொன்னார். நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாகத்தான் சொன்னார். "மறக்காம சொல்லிப்புடு" என்றார். நான் "சரிக்கா" என்றேன்.

அந்த "சரிக்கா" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் சொன்னது இல்லை.

காரணத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையிலிருந்து எனக்கு ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் துணைக்கு வந்திருந்தேன், கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வார்டில் ஆம்பிளைகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நர்சம்மாவைக் கேட்கலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் விரல் காட்டக் கூச்சப்பட்டுப் பாவாடையை நனைத்தவள் நான். அஞ்சாவதோடு நின்றேன், அந்தக் கூச்சம் மட்டும் நிற்கவில்லை. அக்கா பேசிக்கொண்டிருந்தபோது என் உடம்பு முழுக்க அந்த ஒரே நினைப்புதான். சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. மகன் வந்ததும் எழுந்து ஓடினேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் துணி இழுத்து மறைத்திருந்தார்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவி, நாட்கள் போயின. அவள் முகத்தைப் பார்த்தால் தானாக வாயில் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், பார்த்தும் வரவில்லை.

அவள் என்பது அக்காவின் ஒரே மகள். பாலக்கோடு பக்கம் கட்டிக்கொடுத்தது. மாப்பிள்ளை தக்காளி மண்டிக்கு டெம்போ ஓட்டுகிறவன். குடித்தால் கை நீட்டுவான், குடிக்காத நாள் குறைவு. அக்கா சாவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவள் பள்ளிக்கூடம் போகும் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு பையில் துணியோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இனி போகமாட்டேன் என்றாள். போ என்றும் இரு என்றும் அக்கா சொல்லவில்லை. யோசிக்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் படுத்துவிட்டார்.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் என்னிடம் வந்தாள். அவள் அண்ணன் பக்கத்தில்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"சின்னம்மா, கடைசியா அம்மாகூட நீதான இருந்த. எனக்குன்னு ஏதாச்சும் சொல்லுச்சா?"

மறந்துபோச்சு கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். சாகக் கிடக்கிறவள் கையைப் பிடித்துச் சொன்னதை ஒருத்தி எப்படி மறப்பாள்? பந்தியில் பத்துப் பேர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். என் வாய், எந்த அம்மாவும் சொல்வதைச் சொன்னது.

"உன் வூட்டுக்குப் போயி பொறுத்துப் பொழைக்கச் சொன்னாங்க."

அவள் அழவில்லை. அவள் அண்ணன் கரண்டியை வைத்துவிட்டு, அம்மா சரியாத்தான் சொல்லியிருக்குது என்றான். அந்த வாரமே அதே பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு மறதி கிடையாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மாடு சினைக்கு ஊசி போட்ட தேதி, சிலிண்டர் மாற்றிய நாள், எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் விடுவார்கள், எல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது எத்தனை நாள் வேப்பிலையில் படுத்திருந்தாள் என்றுகூடச் சொல்வேன். இது ஒன்று மட்டும் வரவில்லை. அதே மாதிரி பன் வாங்கி மோந்து பார்த்தேன். சர்க்கரை டெஸ்டுக்கு என்று போய் அந்த வார்டு வாசலில் நின்றேன். யாரைப் பாக்கணும் என்று வாட்ச்மேன் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபப்பட்டது, பூசைக்கு வராதது எல்லாம் சொல்வேன். இதைச் சொல்ல வாய் வராது.

இன்னொன்றும் நடந்தது. நான் சொன்ன பொய் கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் குரலிலேயே எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பொறுத்துப் பொழைக்கச் சொல்லு என்று, மூச்சு வாங்க வாங்க. ஒருவேளை உண்மையாகவே அதைத்தான் சொன்னாரோ என்று மனசு ஆறுதலாகும். பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதற்குள் இன்னொரு நினைப்பு வரும். அந்தப் புள்ளய அனுப்பிடாத என்று சொல்லியிருந்தால்?

மூன்று வருஷம் போனது. போன கல்லறைத் திருநாளுக்கு அவள் வந்தாள். இடது கையை முழுசாக மடக்க முடியவில்லை. வழுக்கி விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். நாங்கள் இருவரும்தான் அக்கா கல்லறையைக் கழுவினோம். நான் தண்ணீர் ஊற்ற, அவள் ஒற்றைக் கையால் தேய்த்தாள். சாமந்தியைப் பரப்பி மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு சிலுவையைத் துடைத்துக்கொண்டே, அம்மா பக்கத்தில் இருப்பது மாதிரி சொன்னாள்.

"நீ சொன்னபடியேதான் இருக்கறேன் அம்மா. போதுமா?"

குடத்தைக் கீழே வைத்தேன். அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று என் ஆயுசில் முதல் தடவையாக இருந்தது.

"அது உங்கம்மா சொன்னதில்ல கண்ணு. என்னவோ சொன்னாங்க, எனக்கு மறந்துபோச்சு. நானாத்தான் சொன்னேன்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. எப்படி மறந்தது என்று கேட்டாள். ஒன்றுக்கு வந்ததை, நர்சம்மாவைக் கேட்காததை, எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

"பாத்ரூம் எங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா சின்னம்மா?"

எட்டி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "போவாத" என்றேன்.

"இது யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன். நல்லா ஞாபகத்தோடதான் சொல்றேன்."

அன்றைக்கு அவள் பஸ் ஏறவில்லை. அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை, என் வீட்டுக்கு வந்தாள். அவள் பெண் பாலக்கோட்டில் பத்தாவது படிக்கிறாள், பரீட்சை இருக்கிறது. அந்தப் பெண்ணை எப்படி அழைத்து வருவது என்று இன்னும் தெரியவில்லை. மாப்பிள்ளை போன் போட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் எடுப்பதில்லை. மணி அடித்து ஓயும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

என்னிடம் அதிகம் பேசுவதில்லை. காலையில் டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். வேலைக்கு நடுவில் சில நேரம், முகத்தைத் திருப்பாமல், "ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்பாள்.

நேற்றுப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோதும் கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, மடக்க முடியாத கையால் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.