ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் ராட்டினம்

அந்தப் பூங்காவில் எல்லோரும் அவரைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தது கல்லூரி அல்ல, கேண்டீனில் தட்டு கழுவுகிறவர். விலங்குகளைக் காட்டுவதும் விலங்கு உருவத்தில் செய்த ராட்டினங்களில் ஏற்றிச் சுற்றுவதும்தான் அந்தப் பூங்காவின் தொழில். புரொபசர் அதில் கௌரவமான பக்கத்தைச் சேர்ந்தவர். பார்வையாளர்கள் ஒட்டகச்சிவிங்கிக்கு இலை ஊட்டும் மரமேடையில், காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு, பெரிய விளிம்பு வைத்த காக்கித் தொப்பியோடு நிற்பார்.

"அன்பார்ந்த பார்வையாளர்களே, இந்த உயிரினத்தின் நாக்கு கருநீல நிறம் கொண்டது" என்று அவர் ஆரம்பித்தால், கிளையைக் கையில் வைத்திருக்கும் குழந்தைகள் சிணுங்க ஆரம்பிக்கும். விளக்கம் முடிந்த பிறகுதான் ஊட்டலாம் என்று அவரே ஒரு விதி போட்டிருந்தார். ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த விதியை யாரும் சொல்லவில்லை. பாதிப் பேச்சிலேயே கழுத்தை நீட்டி இலையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அவருக்குத் தெரிந்த அத்தனை விஷயமும் வேலியில் மாட்டியிருந்த தகவல் பலகையிலேயே இருந்தது. பார்வையாளர்கள் அதைப் படித்துவிடக்கூடாதே என்று, பலகையை முதுகால் மறைத்தபடி நின்று பேசுவார்.

வீட்டில் அவர் அந்தஸ்து இன்னும் ஒரு படி உயரம். பெண் பார்க்கப் போன அன்று, "வனவிலங்குக் கல்வியில இருக்கேன்" என்று சொல்லியிருந்தார். மாமனார் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், விசாரணைக்கு இல்லை.

"சொந்தக்காரங்க?"

"அப்பா அம்மா தவறிட்டாங்க. வியாபாரக் குடும்பம். ஊர் ஊரா போவாங்க."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா. வெளியூர்ல இருக்காங்க. லீவு கிடைக்காது."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அக்காவுக்கு எந்த ஊரும் வெளியூர்தான். பொருட்காட்சித் திடல்களில் கடை போட்டு, ஆட்டம் முடிந்ததும் பிரித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த திடலுக்குப் போகிற குடும்பம் அது. பலூன் சுடும் கடை. சின்ன வயதில் புரொபசருக்குக் கிடைத்த கல்வி பலூன் ஊதுவது. கொஞ்சம் வளர்ந்ததும் கடை வாசலில் நின்று கூவிக் கூட்டம் சேர்ப்பது. அதில் அவர் கெட்டிக்காரர். பேச்சு கேட்டு நின்றவர்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கிய பிறகுதான் தாங்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருந்ததை நினைத்துப் பார்ப்பார்கள். ஆனால் எந்தத் திடலிலும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தக் குடும்பத்தைப் பார்த்ததும் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். அது அவர் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. மீசை அரும்பிய வயதில் லாரியிலிருந்து இறங்கியவர், திரும்ப ஏறவில்லை. தன் கல்யாணம் முடிந்த பிறகுதான் அந்தச் செய்தியையே அக்காவுக்குச் சொன்னார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பூங்காவுக்குப் புது மேலாளர் வந்தார். வணிக வளாகம் ஒன்றை நடத்திய அனுபவசாலி. வந்த முதல் வாரமே பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்தார். விலங்குகள் எதுவும் செய்வதில்லை.

கேண்டீனில் எல்லோரையும் கூட்டினார். "சிங்கம் தூங்குது. முதலை செத்துக் கிடக்கிற மாதிரி கிடக்குது. இதைப் பார்க்க எவன் ரெண்டாவது தடவை வருவான்? ஒட்டகச்சிவிங்கிக்கும் பூநாரைக் குளத்துக்கும் நடுவுல காலி இடம் கிடக்கு. அங்க ஒரு கார்னிவல் திடல் போடறோம். ராட்டினம், வளையம் எறியறது, பலூன் சுடறது, பஞ்சு மிட்டாய், பாட்டு. ஜனங்க குவிவாங்க."

புரொபசர் எழுந்து நின்றார். "சார், இது விலங்குகள் பூங்கா. இங்க ஒரு கண்ணியம் இருக்கு. வளையம் எறியறதுக்கும் விலங்குக்கும் என்ன சம்பந்தம்?"

"கொம்பு மேல எறிவாங்க. காண்டாமிருகக் கொம்பு."

"பஞ்சு மிட்டாய்க்கு?"

"செம்மறியாட்டு மிட்டாய்னு பேர் வைப்போம்."

"பலூன் சுடறதுக்கு?"

"பலூன்ல புலி மூஞ்சி வரைவோம். எல்லாத்துக்கும் யோசிச்சு வெச்சிருக்கேன் சார், உட்காருங்க."

புரொபசர் உட்காரவில்லை. "அதாவது, 'விலங்குகளை நேசிப்போம்'னு நுழைவாயில்ல பெருசா எழுதி வெச்சிட்டு, உள்ள வந்தவங்க கையில துப்பாக்கி குடுத்து, புலியைச் சுடுன்னு சொல்றோம்."

கேண்டீன் கொல்லென்று சிரித்தது. மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். அவர் முடிவெடுக்கத் தயங்குகிற ஆள் இல்லை. "சரி, புலி வேணாம். கொசு வரையச் சொல்லுங்க. கொசுவுக்காக யாரும் கொடி பிடிக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து புரொபசர் போராளி ஆனார். மேடையில் நாக்கின் நிறத்தைச் சொல்லி முடித்ததும், சத்தம் விலங்குகளின் மனநிலையை எப்படிக் கெடுக்கும் என்று ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டார். வீட்டிலும் சோற்றுத் தட்டின் முன்னால் அதே பேச்சு. பல் மருத்துவமனையில் நாளெல்லாம் பிறர் வாயைப் பார்த்துவிட்டு வரும் அவர் மனைவிக்குச் சாயங்காலம் இன்னொரு வாயைப் பார்க்கும் தெம்பு இல்லை.

"பாட்டு போட்டா ஒட்டகச்சிவிங்கி மிரண்டு வேலியை உடைச்சிடும், தெரியுமா?"

"அதுவா வந்து உங்ககிட்ட சொல்லிச்சு?"

"இது கௌரவப் பிரச்சினை."

"யாரோட கௌரவம்ங்க? அதோடதா, உங்களோடதா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

திடல் எழும்பிவிட்டது. கடைகளை வெளியாட்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். திறப்பு நாளன்று ஊழியர் குடும்பங்களுக்கு இலவச அனுமதி. மாமனாரை எந்தக் காரணம் சொல்லியும் வீட்டில் நிறுத்த முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் கைத்தடியுமாக, மகளோடு வந்து இறங்கினார். புரொபசர் அவர்களைப் பூநாரைக் குளத்துப் பக்கம் நைசாகத் திருப்பப் பார்த்தார். பூநாரைகளோ ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்த நொடியே குளத்தின் அந்தக் கோடிக்குப் போய், திடலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டன. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மாமனார் கைத்தடியைத் திடலை நோக்கி நீட்டினார். "அங்கதானே கூட்டம்? வாங்க மாப்பிள்ளை."

கொசு மூஞ்சி பலூன்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்த கடையைத் தாண்டும்போது, புரொபசர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நடையை மறைக்க எந்தத் தொப்பியும் இல்லை.

"டேய், ஊதாங்குழல்!"

கூப்பிட்டது ஒலிபெருக்கி. கடைக்குள்ளிருந்து மைக்கும் கையுமாக ஓர் அம்மாள் வெளியே குதித்து வந்தார். கழுத்தில் விசில், இடுப்பில் பை, வாய் நிறையச் சிரிப்பு. வந்தவர் புரொபசரின் தொப்பியைத் தட்டிவிட்டு இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்தார்.

"எங்கடா போனே இத்தனை வருஷம்? மிருகக் காட்சியில இருக்கேன்னு சொன்னியே, எந்தக் கூண்டுன்னு சொல்லலையே!" பிறகு அருகில் நின்றவர்களைப் பார்த்தார். "இவன் தம்பிங்க. எங்கப்பா கடையில பலூன் ஊதி ஊதித்தான் இவன் கன்னம் இப்படித் தொங்கிப்போச்சு. இது யாரு, உன் பொண்டாட்டியா? அட, லட்சணமா இருக்காளே! ஏண்டா இவளை ஒளிச்சு வெச்சே?"

மனைவி கணவரையே பார்த்தார். மாமனார் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, ஒரு சின்ன விளக்கம் வேணும்."

புரொபசர் வாயைத் திறந்தார். பலகையில் இல்லாத விஷயம் என்பதால் ஒன்றும் வரவில்லை. அதே நேரத்தில் வேலிப் பக்கம் ஒரே கூச்சல். இதுவரை எந்தக் கூச்சலும் ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆறுதல் தந்திருக்காது. "அங்க என்னமோ ஆச்சு" என்று ஓடினார்.

ஒட்டகச்சிவிங்கி மிரளவில்லை. அவர் சொன்ன ஜோசியம் முழுக்கப் பொய்த்திருந்தது. பாட்டைக் கேட்டு என்னவென்று பார்க்க வேலியோரம் வந்து நின்றது. அங்கே மேலாளர் தன் கையாலேயே ஜிகினாத் தோரணம் கட்டியிருந்தார். பளபளவென்று தொங்கியதை ஏதோ புது ஜாதிக் கொடி என்று நினைத்து அது மெல்ல ஆரம்பித்திருந்தது. முழம் முழமாகப் பிளாஸ்டிக் நாடா அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று கை தட்டியது. சிலர் சோளப்பொரியை வீசினார்கள். பின்னாலிருந்தவர்கள் முன்னால் தள்ள, வேலி முனகியது. உள்ளே பராமரிப்பாளர் தழைக் கட்டைக் காட்டி அதைக் கொட்டகைக்கு இழுக்கப் பார்த்தார். இத்தனை பேர் விருந்து வைக்கும்போது தழையை யார் மதிப்பார்கள்?

புரொபசர் மேடையில் ஏறினார். "அன்பார்ந்த பார்வையாளர்களே, தயவுகூர்ந்து பின்னால் நகருமாறு தங்களைக் கேட்டுக்கொள்..."

ஒருவரும் திரும்பவில்லை. அவர் பேச்சைக் கேட்காமலிருக்கும் பயிற்சியை அந்தப் பூங்கா அவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தது. இன்னொரு முழம் நாடா உள்ளே போனது. அதன் கண்ணை அவர் பார்த்தார். தினமும் தன் பேச்சை நடுவில் வெட்டுகிற அந்த ஜீவன் இப்போது இருமியது.

மேடையிலிருந்து குதித்தார். கடைக்கு ஓடி அக்காவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். கடை முன்னாலிருந்த பெட்டி மேல் ஏறி நின்றார்.

"ஹோய்! ஹோய்! ஹோய்! அங்க என்னய்யா இருக்கு, கழுத்துதானே நீளம்? எங்க ஊட்டுல கரண்டு பில்லு அதைவிட நீளம்! வாங்க, வாங்க, இந்தப் பக்கம் வாங்க! உங்க ரத்தத்தைக் குடிச்ச கொசு இங்க மாட்டியிருக்கு, பழி வாங்க வாங்க! கல்யாணம் ஆனவங்க சுடுங்க, கோபம் தீரும்! ஆகாதவங்க சுடுங்க, இப்பவே பழகிக்கலாம்! முதல் குண்டு இலவசம், ரெண்டாவது குண்டு என் அக்கா செலவு!"

"அடப்பாவி!" என்றார் அக்கா. ஆனால் கை தானாகவே துப்பாக்கிகளில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது.

கூட்டம் திரும்பியது. முதலில் தலைகள், பிறகு கால்கள். வேலியோரம் காலியானது. கைதட்ட ஆளில்லாமல் போனதும் ஒட்டகச்சிவிங்கிக்கும் தோரணம் சலித்துப்போனது. பராமரிப்பாளர் மேடையில் ஏறி, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே உருவி எடுத்தார். பெட்டி மேல் நின்றவருக்கு அது தெரிந்த பிறகும் வாய் நிற்கவில்லை. அவர் குரல் தொண்டைக்குள் அடைந்து கிடந்த காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசியது. எதிரே நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பூங்காவில் அவர் ஒரு விஷயம் சொல்லி இதற்கு முன் எந்தப் பார்வையாளரும் சிரித்ததில்லை, கேலியாக என்றாலொழிய. வெட்கமாகத்தான் இருந்தது. இறங்கத்தான் மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் விசாரணை தொடங்கியது. மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வியாபாரக் குடும்பம்னு சொன்னீங்க."

"பலூன் வியாபாரம்தான் மாமா."

"அந்தத் துப்பாக்கிக் குழல் வளைஞ்சிருக்கா?"

புரொபசர் தயங்கினார். "கொஞ்சம்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"நினைச்சேன்" என்றார் மாமனார். விசாரணை முடிந்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பூங்காவுக்குப் போய், வலது பக்கமாகக் குறிவைத்துச் சுட்டு, அந்த அம்மாளிடம் நியாயம் பேசுவதே அவர் பொழுதுபோக்கானது.

மனைவியின் தீர்ப்புதான் தள்ளிப்போனது. நாட்கணக்கில் பேசவில்லை. பேசியபோது துணி மடித்துக்கொண்டே பேசினார்.

"நாத்தனார் தொல்லை இல்லாத வீடுன்னு ஆஸ்பத்திரி முழுக்கப் பெருமை அடிச்சேன். என்னைக் கேவலமா ஆக்கிட்டீங்க."

"தப்புதான். எங்களைப் பார்த்தாலே ஜனங்க கொடியில காயற துணியை எடுத்து உள்ள வெச்சுக்குவாங்க. அதான் சொல்லல."

"பலூன் ஊதினது தப்பில்ல. என்கிட்ட சொன்னா நான் துணியை எடுத்து உள்ள வெச்சுடுவேன்னு நினைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு." மடித்த சட்டையை அவர் மடியில் போட்டார். "ஞாயித்துக்கிழமை அவங்களைச் சாப்பிடக் கூப்பிடுங்க."

விலங்குப் பூங்காவுக்குக் கார்னிவல் திடல் ஒத்துவருமா என்ற கேள்விக்கு மேலாளர் தன் பாணியில் விடை கண்டார். திறப்பு நாள் மாபெரும் வெற்றி என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே திடலைப் பிரித்து, பிளாஸ்டிக் நீர்யானைச் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நட்டார். அங்கே இருந்த விலங்குகள் எல்லாம் பொம்மைகள். எவ்வளவு சத்தம் போட்டாலும் எந்த நீர்யானையும் முகம் சுளிக்கவில்லை. பூநாரைகள் மறுபடியும் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி நின்றன. தோரணத்துக்கு நிரந்தரத் தடை. திடலுக்கு அறிவிப்பாளராக வரச் சொல்லிப் புரொபசரைக் கூப்பிட்டார்கள். பிகு பண்ணிவிட்டு, காலையில் ஒட்டகச்சிவிங்கி, மாலையில் திடல் என்று ஒத்துக்கொண்டார். மாலையில் அவர் சம்பாதித்த சிரிப்பைக் காலையிலும் கொஞ்சம் பயன்படுத்தலாமே என்று பராமரிப்பாளர் சொன்னார். அதற்கு மட்டும் அவர் இணங்கவில்லை. கண்ணியம் என்று ஒன்று இருக்கிறதாம்.

ஒருநாள் மதியம், கடை திறக்குமுன் அக்கா மேடைக்கு வந்தார். வாழ்நாள் முழுக்க மரத்திலும் ரப்பரிலும் விலங்குகளைப் பார்த்தவர், உயிருள்ள ஒட்டகச்சிவிங்கியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. தம்பி கொடுத்த கிளையை இரண்டு கையாலும் நீட்டினார். பெரிய தலை இறங்கி வந்தது. மூச்சுக்காற்று அவர் நெற்றி மயிரை அசைத்தது.

"இந்த உயிரினத்தின் நாக்கு..." என்று தொடங்கினார் புரொபசர்.

"சும்மா இருடா" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல். "அது சாப்பிடுது."