அடுத்தவர் பைப்பு

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் குழாய் ரோட்டோரம் இருந்தது. தோட்டமோ மழைக்கு மட்டும் நீர் ஓடும் ஓடையைத் தாண்டிப் பள்ளத்தில் கிடந்தது. மலையில் சமமாக ஒரு துண்டு நிலம் கிடைப்பதே பெரிய காரியம். காலையில் டேங்கிலிருந்து தண்ணீர் விடும் கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளைகள் குடத்திலும் பெயிண்ட் வாளியிலும் பிடித்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடைக் கல்லில் கால் வைத்துத் தாண்டி, கத்திரிக்கும் தக்காளிக்கும் ஊற்றிவிட்டு மேலேறி வர வேண்டும். அதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும். அது என் கணக்குப் பீரியட்.

நானும் இதே மலையில், திண்ணனூர் நாட்டில் பிறந்தவன்தான். தற்காலிக ஆசிரியர் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஒரு பீரியட் வீணாகப் போவது எனக்குச் சோற்றைக் கீழே கொட்டியது போலிருக்கும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். வகுப்பில் உயரமானவள் என்பதால் பெரிய குடம் எப்போதும் அவளுக்குத்தான். ஒருநாள் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். ஓடைக்கு மேலே சரிவில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்.

"ஏனுங்க வாத்தியாரே, தண்ணி சொமக்கறதுக்கு இஸ்கூலு எதுக்குங்க? அத அவ ஊட்லயே சொமப்பா."

தலைமையாசிரியர் கீழ்நாட்டுக்காரர், வெள்ளிக்கிழமையானால் மலை இறங்கிவிடுவார். "தோட்டம் இருந்தாத்தான்யா மேல இருந்து வர்றவங்க நம்மள மதிப்பாங்க" என்றார்.

"எங்களுக்கு மேல மானந்தானுங்க இருக்குது" என்றார் அவர், வானத்தைக் காட்டி, சிரிக்காமல். வாசல்வரை போய் என்னிடம் மட்டும் சொன்னார்: "சொமக்கறது நின்னா படிக்கட்டும். இல்லீன்னா நிறுத்திக்கறேனுங்க."

அவருடைய சரிவுக்கும் மேலே ஓர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்துதான் வீடுகளுக்குக் கருப்பு ஓஸ் பைப்பு இழுத்திருக்கிறார்கள். மோட்டார் வேண்டாம், தண்ணீர் தானே இறங்கிவரும். அந்த மாதச் சம்பளத்தில் கீழே பேளுக்குறிச்சிச் சந்தையில் பைப்பு வாங்கிப் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தேன். "வாத்தியாரு மலைப்பாம்பு புடிச்சுட்டுப் போறாருடோய்" என்று கண்டக்டர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊற்றிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பாவுடைய சரிவின் குறுக்கே தோட்டம்வரை போட்டோம். அவரே வந்து இணைப்புகளைச் சைக்கிள் டியூப் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். அதன்பின் அவள் முதல் பீரியடுக்கு நேரத்தோடு வந்தாள். பின்னக் கணக்கு ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவர் பைப்பில் கை வைக்கக் கூடாது. கோடையில் ஊற்று சுருங்கும்போது ஒருவன் பைப்பைப் பிடுங்கி இன்னொருவன் சொருகி, வெட்டுக்குத்துவரை போனதுண்டு. அதனால் வழியில் கழன்று கிடந்து தண்ணீர் வீணாக ஓடினாலும் யாரும் தொடமாட்டார்கள். போய்ச் சொல்வார்கள், அவ்வளவுதான். விதைப்புக்கு முன் சரிவில் காய்ந்த செத்தையைக் கொளுத்துவதும் அப்படித்தான். கொளுத்துகிறவர் பாறைமேல் ஏறி நின்று கூவுவார். அவரவர் வந்து அவரவர் பைப்பைச் சுருட்டிக்கொள்வார்கள்.

அவள் அப்பாவும் கூவினார். அன்று பள்ளிக்கு விடுமுறை, நான் சந்தைக்கு இறங்கியிருந்தேன். பள்ளிக்கூடம்வரை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மழை கட்டிக்கொண்டு நின்றது. நனைந்துவிட்டால் செத்தை எரியாது, அந்த வருட விதைப்பே தள்ளிப்போகும். பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டுத் தீ வைத்தார். எங்கள் பைப்பு உருகிக் கரிக்கோடாகப் போயிற்று.

தலைமையாசிரியர் கொதித்தார். "தூக்கி ஓரமாப் போட்டிருந்தா கை தேஞ்சிருமாய்யா அவனுக்கு?"

"தொடமாட்டாங்க சார்."

"அது என்ன சாமி நகையா?"

மறுநாளிலிருந்து குடங்கள் மறுபடி இறங்கின. மேலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், தோட்டம் காயக் கூடாது என்றார் தலைமையாசிரியர். பையன்கள் அவளிடம், "தூக்கு தூக்கு, உங்கப்பன் வெச்ச தீயை நீதான் அணைக்கோணும்" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அந்த வாரமே அவள் அப்பா ஒரு பைப்புச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் இறக்கினார். மண் ஒட்டிய பழைய பைப்பு. அவர் வீட்டுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது அதில்தான்.

"இத வேண்டாங்க" என்றேன். "உங்க ஊட்டுக்குத் தண்ணி?"

"ஊட்டுக்கு ஆளு இருக்குதுங்க."

அவர் மனைவி மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து காலை ஊன்ற முடியாமல் கிடந்தார். அந்த வீட்டில் இருந்த ஆள் அந்தப் பெண் ஒருத்திதான்.

"படிக்கட்டும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சொன்னேனுங்க. ஆனா அடுத்தவங்க பைப்ப எரிச்சவன்னு பேரு வாங்கிட்டு எந்த ஊத்துல போயி நிப்பேன்? நாளைக்கு என் பைப்ப ஒருத்தன் புடுங்குனா கேக்க வாயி இருக்குமா? நீங்களும் இந்த மலையில பொறந்தவருதான. தெரியாத மாதிரி பேசாதீங்க சாமி."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தலைமையாசிரியர் உள்ளிருந்து, "அவனே குடுக்கறான், வாங்கி மாட்டுய்யா" என்றார்.

"அடுத்த மெளகு வரட்டும். புதுசு போட்டுட்டு அனுப்பறேனுங்க" என்று அவர் போனார். நாங்கள் பைப்பை மாட்டிய நாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

எனக்கு அப்போது சம்பளம் வந்து சேரவில்லை. இன்னொரு பைப்பு வாங்க வழியில்லை. சில நாள் விடிவதற்கு முன்பே எழுந்து அவர்கள் வீட்டுக்கு நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் அம்மா படுத்த இடத்திலிருந்தே, "போதுங்க சார். வாத்தியாரக் கொடம் தூக்க வெச்சவன்னு எங்கூட்டுக்காரர ஊரே சிரிக்குது" என்றார். அவள் வந்து என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டாள். அதோடு அதுவும் நின்றது. மிளகு வந்தது. அந்தக் காசு அவள் அம்மாவின் கால் வைத்தியத்துக்குப் போயிற்று.

தோட்டம் செழித்தது. பார்வையிட வந்தவர்கள் கத்திரிச் செடியோரம் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அன்றைய மதியச் சாம்பாரில் எங்கள் கத்திரிக்காய் கிடந்தது. நான் சாப்பிடவில்லை, பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மாசி கடைசியில் தோட்டத்துக்குத் தண்ணீர் குறைந்தது. என்னவென்று பார்க்க ஊற்றுக்கு ஏறினேன். அவள் அங்கே உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊறுகிற தண்ணீரில் பாதிக்குமேல் எங்கள் பைப்பு இழுத்துக்கொண்டிருந்தது. கொட்டாங்கச்சி நிறைய அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"பின்னக் கணக்கு முடிஞ்சிருச்சுங்களா சார்?"

"முடிஞ்சிருச்சு கண்ணு."

"இப்ப என்னங்க நடத்தறீங்க?"

சொன்னேன். ஒரு குச்சியெடுத்து ஈர மண்ணில் ஒரு சமன்பாடு எழுதிக்காட்டினேன். அவள் மொள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடி மொள்ள ஆரம்பித்தாள். நான் பைப்பின் வாயை ஊற்றிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.

"போட்டுருங்க சார். காத்துப் புடிச்சுக்கிட்டா அப்பறம் தண்ணி எறங்காதுங்க."

"ஒன் கொடம் ரொம்பட்டும்."

கீழே தோட்டத்திலிருந்து பிள்ளைகள் தண்ணீர் நின்றுவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். அவள் கொட்டாங்கச்சியை வேகவேகமாகச் சாய்த்தாள். குடம் பாதிகூட நிறையவில்லை. பிள்ளைகள் இன்னொரு முறை கூப்பிட்டார்கள்.

அவள் எட்டிப் பைப்பை எடுத்தாள். அதன் வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்தாள்.