சூடேறினால் நிற்கும் வண்டி

இதைப் படித்துவிட்டு, "கதை நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கதை கட்ட எனக்கு வராது. பழைய கார்களைப் பிரித்து மாட்டத்தான் வரும், இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில், தார் உருகும் உச்சி வெயிலில். அன்றைய நேரங்களை எல்லாம் என் பட்டறை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட நானாகச் சேர்க்கவில்லை.

வண்டி ஒரு தையல்காரருடையது. என் பட்டறைக்கு நாலு கடை தள்ளி அவர் கடை. அவர் துணி வெட்டுவார், அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து காஜா எடுப்பார். பிள்ளை குட்டி இல்லை. முப்பது வருடப் பழைய அந்தக் கார்தான் அவர்களுக்குப் பிள்ளை. சீட் உறையெல்லாம் அந்த அக்கா தைத்தது. கை துடைத்துவிட்டு ஏறினாலும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். "தம்பி, மறுபடி ஒரு தடவை கழுவிட்டு வாங்களேன்" என்பார். நானும் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வருவேன்.

ஒரு கோடைக்காலத்தில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"தம்பி, காலையில குதிரை மாதிரி ஓடுது. மத்தியானம் வெயில்ல ஒரு மணி நேரம் ஓட்டினா சட்டுனு நின்னுடுது. அப்படியே விட்டுட்டா, கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா கிளம்புது" என்றார் தையல்காரர்.

பழைய வண்டிகளில் இது சகஜம். வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடலாம். அல்லது ஸ்பார்க் கொடுக்கும் காயில் சூடேறிப் படுத்துவிடலாம். எதுவாக இருந்தாலும் சூட்டில்தான் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் ஒன்றும் தெரியாத மாதிரி நல்ல பிள்ளையாக நிற்கும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் நான் என்ன செய்தேன்? வேலை குவிந்து கிடந்தது. காலை ஏழரை மணிக்கு, காற்று சில்லென்று வீசும்போது, ஃபில்டரை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். காயிலைச் சோதித்தேன். ஸ்பார்க் நீலமாகப் பளிச்சென்று அடித்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. நிற்காதுதான்.

"அண்ணே, இனிமே கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று சாவியைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் அந்த அக்காவுக்கு நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு தையல்காரர் ஓட்டியிருக்கிறார். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், ஒரு சிமெண்ட் குடோனின் நீளச் சுவர் முடியும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அவசரத்தில் போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டார். பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடி, ஒரு வேனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. பின்சீட்டிலேயே அக்காவின் உயிர் போயிருந்தது என்று சொன்னார்.

இருபது நாள் கழித்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

"விக்க மாட்டேன். இனிமே ஓட்டவும் மாட்டேன். ஏன் நின்னுச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லு. பதட்டத்துல நான்தான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா... சோக்கை இழுத்துட்டேனா... படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது தம்பி."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தப்பு வண்டியில் என்றால், அது அவர் தப்பு இல்லை. என் தப்பு. "பார்க்கிறேண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

பார்க்கவில்லை. மூன்று நாள் அது ஏன் நின்றது என்று தேடாமல் வேறு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். பேட்டரியை மட்டும் சார்ஜ் போட்டு மாட்டி வைத்தேன்.

முதல் நாள் மாலை பார்த்தால் பேட்டரி காலி. எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்று நினைத்து மறுபடி சார்ஜ் போட்டேன். காலையில் முழுதாக இருந்தது. மாலையில் மறுபடி காலி. மீட்டர் வைத்து ஒயர் ஒயராகத் தேடினேன். எங்கேயும் ஒழுகல் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு இரண்டரைக்குத் திரும்பினேன். பக்கத்துப் பட்டறை வெல்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"என்னப்பா, அரை மணி நேரமா செல்ஃப் அடிச்சிட்டே இருந்தே? கிளம்பலையா?"

"எந்த வண்டி?"

"தையல்காரர் வண்டிதான். பாவம், பேட்டரியைச் சாகடிச்சுட்ட."

வண்டிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் சீட் முன்னால் தள்ளியிருந்தது. நான் நெட்டையன், வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்தும்போது கடைசிவரைக்கும் பின்னால் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் இதற்கு மேல் ஒளிந்து பயனில்லை என்று தோன்றியது.

மறுநாள் புது பேட்டரி போட்டேன். தண்ணீர் கேன், துணி, குறடு எடுத்துக்கொண்டேன். சரியாக 12.50-க்கு அதே ஆஸ்பத்திரி ரோட்டில் தனியாகக் கிளம்பினேன்.

வெயில் கண்ணைப் பறித்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. என் பயமெல்லாம் பின்சீட்டின் மேல்தான். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் கண்ணாடியில். பின்சீட்டில் அக்கா தைத்த சின்னத் தலையணை மட்டும் கிடந்தது. அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

1.46. சிமெண்ட் குடோன் சுவர் ஆரம்பித்தது.

இன்ஜின் ஒருமுறை விக்கியது.

1.47. நின்றுவிட்டது. சுவர் முடியும் அதே இடம்.

இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். காயிலைத் தொட்டேன். விரல் பொரிந்துவிட்டது. காயிலிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிக் குறடால் பிடித்து, இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இப்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்தால், ஸ்பார்க் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பட்டறையில் யாராவது ஒருவர் உள்ளே உட்காருவார். நான் "அடி" என்பேன், அடிப்பார். "போதும்" என்பேன், நிறுத்துவார்.

அன்று உள்ளே யாரும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அடி."

ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்...

செல்ஃப் அடித்தது.

குறடு என் கையில் அப்படியே நின்றது. ஸ்பார்க் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. காயில்தான். நான் காலைக் குளிரில் பார்த்து "நல்லா இருக்கு" என்று விட்ட அதே காயில்.

செல்ஃப் நிற்கவில்லை.

சாவியை ஒரு கட்டம் திருப்பி விட்டிருந்தேன். செல்ஃப் அடிக்க இன்னொரு கட்டம் திருப்ப வேண்டும். திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் தானாகத் திரும்பி வந்துவிடும்.

யாரோ பிடித்திருக்கிறார்கள்...

பானெட்டுக்குக் கீழே ஓர் இடுக்கு. அது வழியாகப் பார்த்தேன். ஸ்டியரிங் தெரிந்தது. சாவி தெரிந்தது. அது முழுதாகத் திரும்பியிருந்தது.

கை எதுவும் தெரியவில்லை.

ர்ர்ர்... ர்ர்... ர்ர்...

பேட்டரி இறங்க ஆரம்பித்தது. சத்தம் மெலிந்தது. அப்போதும் விடவில்லை. வண்டியை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று யாரோ உயிரைக் கொடுத்து முயற்சி செய்வது மாதிரி...



1.53.

"போதும்..." என்றேன்.

"போதும்க்கா."

நின்றது.

சாவி "டக்" என்று பழைய இடத்துக்குத் திரும்பியது.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. ஓடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. துணியை நனைத்துக் காயிலின் மேல் போட்டேன். காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டேன். 2.35-க்கு நன்றாக ஆறிவிட்டது. பிடுங்கிய ஒயரை மாட்டிவிட்டு உள்ளே ஏறப் போனேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் வந்திருந்தது. பின்னால் தள்ளி உட்கார்ந்து, மிச்சமிருந்த பேட்டரியில் சாவியைத் திருப்பினேன். முதல் அடியிலேயே கிளம்பிவிட்டது.

மாலை 5.20-க்குத் தையல்காரர் கடைக்குப் போனேன். காயிலை அவருடைய வெட்டு மேசையில் வைத்தேன்.

"அண்ணே, இதுதான். சூடானா செத்துடுது. நான் இதைக் காலையில பார்த்தேன். வெயில்ல பார்த்திருக்கணும். தெரிஞ்சும் பார்க்கலை. நீங்க எந்தத் தப்பும் பண்ணலண்ணே. நான்தான்."

அவர் காயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ நான் இல்ல" என்றார். மறுபடியும், "நான் இல்ல" என்றார்.

சொல்லலாமா கூடாதா என்று தவித்தேன். கடைசியில் மதியம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். செல்ஃப் அடித்தது, சாவி திரும்பியிருந்தது, சீட் முன்னால் வந்தது, எல்லாவற்றையும்.

"பின்சீட்டைத்தாண்ணே பார்த்துக்கிட்டே போனேன். அங்க ஒண்ணுமே இல்லை" என்றேன்.

தையல்காரர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அவ பின்சீட்டுலயே போயிட்டான்னு எல்லார்கிட்டயும் நான் சொன்னது பொய் தம்பி."



"நான் திரும்பி வந்தப்போ அவ முன்சீட்டுல இருந்தா. கால் எட்டலைன்னு சீட்டை முன்னால இழுத்துப் போட்டிருக்கா. அவளுக்கு ஓட்டவே தெரியாது. சாவியைத் திருப்பினா கிளம்பும்னு மட்டும் பார்த்து வெச்சிருக்கா. நெஞ்சு வலியோட... அந்த வெயில்ல... நாற்பது நிமிஷமும் திருப்பிக்கிட்டே இருந்திருக்கா. பேட்டரி மொத்தமும் தீர்ந்து போச்சு. சாவியிலேர்ந்து அவ விரலை நான்தான் ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். இதை யார்கிட்டயும் சொல்லலை. எப்படிச் சொல்லுவேன்?"



"நீ போதும்னு சொன்னதும் நிறுத்திட்டாளா?" என்று கேட்டார்.

"உடனேண்ணே."

அக்கா உட்கார்ந்து காஜா எடுக்கும் நாற்காலியில் அவர் போய் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"அதைச் சொல்ல அன்னைக்கு அவ பக்கத்துல ஆள் இல்லாமப் போச்சே" என்றார்.