பின்பாதி ரெஜினா டீச்சரிடம் இருக்கிறது

எலுமிச்சங்காய்க்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது நஞ்சன்கூட்டிலிருந்து அருள் அழைத்தான். ரெஜினா டீச்சரின் அண்ணன் மகன். "ஆன்ட்டி, அத்தை போயிட்டாங்க. நாற்காலியில உக்காந்து படிச்சிட்டே இருந்தாங்களாம்" என்றான். "எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. நம் சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு விளங்கும்.

இயற்பியல் கற்பித்த ரெஜினா டீச்சர் கதைப் புத்தகத்தைத் தொட்டதில்லை. "நடக்காததைப் படிக்க எனக்கு ஆயுள் போதாது" என்பார். அறிவியல், அரசியல், சரிந்த வங்கிகள், அமெரிக்கர்கள் எதைத் தின்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எல்லாமே தேவராஜ மொஹல்லாவின் பழைய புத்தகக் கடையிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கும். ஒவ்வொன்றும் செங்கல் கனம். மணிக்கட்டில் வாதம் வந்த பிறகு, ஒருநாள் என் கண்ணெதிரே ரொட்டிக் கத்தியால் ஒரு புத்தகத்தை முதுகோடு இரண்டாக அறுத்தார்.

நான் கான்வென்டில் படித்தவள். பக்கத்தின் மூலையை மடித்தாலே எங்கள் சிஸ்டர் ஸ்கேலால் விரலில் அடிப்பார். "இது கொலை, ரெஜினா" என்றேன்.

"கொலை இல்ல, பாகப்பிரிவினை. முன்பாதி உங்களுக்கு, பின்பாதி எனக்கு. கோபம் தீர்ந்ததும் மாத்திக்கலாம்."

அப்படித்தான் எங்கள் வழக்கம் தொடங்கியது. பின்பாதியை முதலில் படிப்பவர் அவர். "வரலாற்றில் முடிவு எல்லாருக்கும் தெரியும். தொடக்கத்தைத்தான் தேட வேண்டும்" என்பது அவர் வாதம். சனிக்கிழமை மாற்றிக்கொள்ளும்வரை முடிவைச் சொல்லக் கூடாது என்பது என் விதி. ஒருமுறைகூட அவர் அதை மீறியதில்லை.

அறுத்த பாதிகளுக்குக் கறுப்புத் துணியில் உறை தைப்பார். கோயிலுக்கும் எடுத்துப் போவார். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபப் புத்தகம் என்று நினைப்பார்கள். நான் முறைத்தால், "ஆண்டவருக்குத் தெரியும். அவரும் வட்டி விகிதம் தெரிஞ்சுக்கட்டுமே" என்று கிசுகிசுப்பார்.

கடைசியாக நாங்கள் பிரித்துக்கொண்டது, ஒரு சிறிய அமெரிக்க ஊரில் வங்கி முறிந்த வரலாறு. பூட்டிய கதவுக்கு வெளியே ஊரே பனியில் நிற்கிறது. என் பாதியின் கடைசி வரியில் கதவு திறக்கிறது. 'உள்ளே' என்ற சொல்லோடு கத்தி இறங்கிவிட்டது. தொலைபேசியில் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். ரெஜினா டீச்சர் சிரித்தார். "சொல்லமாட்டேன் மேடம். வேணும்னா நீங்களே வந்து வாங்கிக்குங்க."

இரண்டு நாள் கழித்து, அருளின் அழைப்பு வந்ததும் போனேன். பெட்டியில் படுத்திருந்தார். கைகளுக்கு நடுவே கறுப்பு உறை. "தினமும் கையில வச்சிருந்த ஜெபப் புத்தகம் ஆன்ட்டி, நான்தான் வச்சேன்" என்றான் அருள், அழுத கண்களோடு. அது வங்கி வரலாற்றின் பின்பாதி என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு இருவர் வந்தார்கள். இப்போது எடுக்காவிட்டால் இனி இல்லை. உறையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவருடைய கட்டைவிரல் பக்கங்களுக்கு நடுவே இருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், இடம் தவறாமலிருக்க விரலை வைத்துக்கொண்டு நிமிர்வாரே, அப்படி. அருள் அப்படி வைத்திருக்க வழியில்லை. அவன் புத்தகம் படிக்கிறவனல்ல.

கையை எடுத்துக்கொண்டேன். மூடினார்கள்.

புதுப் பிரதி வரவழைத்துத் தருவதாக என் மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். விதி விதிதான். முடிவு அவரிடம் இருக்கிறது, தொடக்கம் அவருக்குத் தெரியாது. ஆகவே சனிக்கிழமைகளில், என் வீட்டுக்கு வந்தால் அவர் உட்காரும் நாற்காலியை எதிரே போட்டு என் பாதியை உரக்கப் படிக்கிறேன். 'உள்ளே' என்ற இடத்தில் நிறுத்துவேன். பிரம்பு நாற்காலி, ஆள் முன்னால் சாய்ந்தாற்போல மெல்ல முனகும். வெயில் தணிகிற வேளையில் பிரம்பு முனகும் என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார்.

என்னிடம் இருப்பது அந்த முன்பாதி. உறையை நானே புதிதாகத் தைத்திருக்கிறேன், என் தையல் அவருடையதைவிட நேரானது. என் முறை வரும்போது மீதியை நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.