ஜீப்புக்குப் பின்னால் ஓர் அடுப்படி

அப்பா மூன்று வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் தள்ளுவார். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார். "வண்டி நிக்கிதுல்ல, போகணும்" என்று வாசலையே பார்ப்பார். நாற்பது வருடம் வடக்கே லாரி ஓட்டியவர். ஓட்டுவதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. மறதி நோய் வந்து என் அம்மாவை, என்னை, தான் கட்டிய வீட்டை எல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, லாரியை மட்டும் விட்டுவைத்திருந்தது.

டாக்டர் எடை பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் பார்ப்போம், அப்புறம் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார். போட்டால் இவர் பிடுங்குவார், அதனால் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்ட வேண்டிவரும் என்று நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாமேல் எனக்குக் கோபம் உண்டு, நிறையவே உண்டு. ஆனாலும் அந்தக் கையைக் கட்டிப்போட்டுப் பார்க்க என்னால் முடியாது.

அன்று மதுரையிலிருந்து வாடிப்பட்டியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஜீப் சூடாகி நின்றுவிட்டது. ஓட்டி வந்தது நான்தான். சமயநல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, என்ஜின் ஆறட்டும் என்று உட்கார்ந்தோம். காலையில் கட்டிக்கொண்டு போன தயிர்சோறு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டோம். அப்பா டயரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு, டப்பாவை வழித்து வழித்துத் தின்றார். எனக்கு நம்பவே முடியவில்லை.

மறுநாளும் டப்பாவில் சோற்றைக் கட்டிக்கொண்டு அதே மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "டப்பாச்சோறு ஆபீஸ்காரனுக்கு. அடுப்பு எங்க? அடுப்பப் பத்தவையி" என்றார்.

என் கணவருக்குச் சமயநல்லூரில் ரோட்டோரமாக வெல்டிங் பட்டறை. டிராக்டர் டிரெய்லர் செய்வதுதான் பிழைப்பு. மலைப்பக்கம் இருந்து ஒருவர் வந்து, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற, உள்ளே படுத்துக்கொள்கிற மாதிரி ஒரு குட்டி டிரெய்லர் கேட்டார். பாதி வேலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. ஏழடி நீளம், அஞ்சடி அகலம், தகரக் கூரை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், பின்னால் மேல்நோக்கித் திறக்கிற கதவு. ரெண்டு வருடமாகப் பட்டறை மூலையில் கிடந்த அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது.

"இதுலயா அடுப்படி வைக்கப்போற?" என்றார் கணவர், நான் அதைத் திறந்து அளந்துகொண்டிருந்தபோது.

"ஏன், ஒங்களுக்கு என்ன செரமம்?"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

பாவம், அவர் சும்மாதான் கேட்டார். அந்த நாட்களில் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையில் இருக்கும் அண்ணன் தினமும் போன் போட்டு, "அப்பா சாப்புட்டாரா?" என்பான். சாப்பிட்டால் நான் சொல்ல மாட்டேனா? அந்தப் போன் வந்தாலே எடுக்காமல் விட்டுவிடலாமா என்றிருக்கும். எடுப்பேன். "இல்லண்ணே" என்பேன். "பாத்துக்கம்மா" என்பான். வேறு யார் பார்ப்பது?

இரும்பு வேலை அவருடையது, பலகை வேலை என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். முப்பது வருடம் பட்டறைக்குச் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய், எனக்கும் ரம்பமும் டிரில்லிங் மெஷினும் கைக்கு வந்துவிட்டிருந்தன. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, பட்டறை வேப்பமரத்தடிக் கட்டிலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் பலகையைத் தொடுவேன். அவர் என் கணவரைப் பார்த்து, "ஏய் மெக்கானிக்கு, வண்டி எம்புட்டு நேரத்துல ரெடியாகும்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். மருமகன் என்பது மறந்து போயிருந்தது. "இந்தா ஆச்சு மாமா" என்று இவரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வார். அந்த மனிதருக்கு இருக்கிற பொறுமையில் பாதி எனக்கு இருந்தால் போதும்.

இடதுபுறம் மூன்று டிராயர் செய்தேன். மேலே அஞ்சறைப் பெட்டியும் கரண்டியும், நடுவில் அரிசி பருப்பு, கீழே குக்கரும் சட்டியும். வீட்டு டிராயருக்குப் போடுகிற வழுக்குகிற சேனல் கம்பிதான் போட்டேன், ஒரு விரலால் இழுத்தால் வருகிற மாதிரி. வலதுபுறம் எவர்சில்வர் தகடு அடித்த மேடை, அதன்மேல் ஒற்றை பர்னர் அடுப்பு. அஞ்சு கிலோ சிலிண்டரை உள்ளே வைக்கக்கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். முன்னால் ஜீப்போடு மாட்டும் கம்பத்தில் அதற்கென்று ஒரு கூண்டு அடித்து, குழாயை உள்ளே விட்டார். மூலையில் குழாய் வைத்த தண்ணீர் கேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது என் வீட்டு அடுப்படியைவிட நன்றாக இருந்தது.

வெள்ளோட்டம் விட்டோம். முதல் வேகத்தடையில் பின்னால் ஒரு சத்தம், அடுத்ததில் இன்னொரு சத்தம். நிறுத்திக் கதவைத் தூக்கினால் மூன்று டிராயரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. அரிசி, பருப்பு, கடுகு, மஞ்சள்தூள் எல்லாம் தரையில் ஒன்றாகக் கிடந்தன. ஒரு விரலால் இழுத்தால் வருவது வேகத்தடை இழுத்தாலும் வரும் என்று எனக்கு உறைக்கவில்லை. கணவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அங்கேயே டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு முடியலங்க" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடுகை அள்ள ஆரம்பித்தார்.

மறுநாள் சேனல்களைக் கழற்றி, உள்பக்கம் அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி சரித்து மாட்டினேன். அப்படி மாட்டினால் டிராயர் தன் பாரத்தில் தானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி போட்டு, பழைய சைக்கிள் டியூபை நறுக்கி இழுத்து மாட்டினேன். வேகத்தடை மட்டுமல்ல, கண்மாய்க்கரை மண்ரோட்டில் ஓட்டியும் அசையவில்லை. டாக்டர் சொன்ன பத்து நாளில் ஐந்து போயிருந்தது.

ஆறாம் நாள் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மரத்தடியில் நிறுத்தி, பின்கதவைத் தூக்கி, "உள்ள வாங்கப்பா, சமைக்கலாம்" என்றேன். எட்டிப் பார்த்தார். மேடையைப் பார்த்தார், பளபளக்கிற தகட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"இது யாரு வீட்டு அடுப்படி?"

"நம்மளுதுதாம்ப்பா."

"ஆளில்லாத வீட்டுல பூந்து அடுப்பப் பத்தவைக்கிறதா? நல்லாருக்கே நியாயம்!"

அவ்வளவுதான், ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கவே இல்லை. இத்தனை நாள் ராவித் தேய்த்து நான் செய்து வைத்ததெல்லாம் இன்னொரு வீடு. வீட்டில் தின்னாதவருக்கு இன்னொரு வீட்டைக் கட்டி ரோட்டுக்கு இழுத்து வந்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மேடையில் கை வைத்தேன். லாரிக்காரர்கள் எங்கே சமைப்பார்கள்? வண்டிக்கு வெளியேதான், சக்கரத்தின் மறைவில், தரையில். அப்பா வடக்கே போய்வந்த கதைகளை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், வீட்டில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னதில்லை. மாதத்துக்கு மூன்று நாள் வருவார், அந்த மூன்று நாளும் தூங்குவார். அவர் நன்றாகச் சமைப்பார் என்பதே மற்ற டிரைவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால் யோசித்து யோசித்துச் செய்தேன். கீழ் டிராயரின் தடையைச் செதுக்கி, முழுசாகக் கழன்று கையோடு வருகிற மாதிரி ஆக்கினேன். அதைத் தரையில் வைத்தால் அதுவே சாமான் பெட்டி. அடுப்பையும் கழற்றித் தரையில் வைக்கலாம், குழாய் எட்டும். காற்றுக்கு மறைப்பாக மூன்று மடிப்பில் ஒரு தகரம் என் கணவர் மடக்கிக் கொடுத்தார். எவர்சில்வர் தகட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் பலகையாக விட்டோம்.

இது அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் நான் டிராயரை இறக்கியதுமே வந்து குந்திக்கொண்டார். வெங்காயத்தை வாங்கிக் கையிலேயே வைத்து நறுக்கினார். "எண்ணெய் காயட்டும், அவசரப்படாத" என்று என்னை அதட்டினார். சோறு வெந்து இறக்கினேன். தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளினார்.

"ஏம்ப்பா?"

"இருக்கட்டும், அப்பறம்."

அந்த அப்பறம் வரவில்லை. எட்டாம் நாளும் அப்படித்தான், ஒன்பதாம் நாளும் அப்படித்தான். ரசித்துச் சமைப்பார், வாசனை பிடிப்பார், உப்புப் பார்ப்பார், தட்டை வைத்ததும் தள்ளுவார். ஒரு டம்ளர் மோர், இரண்டு வாழைப்பழம், அதோடு சரி. கன்னம் ஒட்டி, சட்டை தொங்கியது.

பத்தாம் நாள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். ஏன் அவ்வளவு தூரம் போனேன் என்றால், நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தினால் சமைக்க வேண்டும், சமைத்தால் அவர் தள்ளுவார், மறுநாள் ஆஸ்பத்திரி. ஒரு பருத்திக்காட்டு ஓரம் கருவேல நிழலில் நிறுத்தி, டிராயரை இறக்கி, தக்காளிச்சோறு செய்தேன். அவரே தாளித்தார். தட்டில் போட்டு நீட்டினேன். தள்ளினார். சோறு கொஞ்சம் மண்ணில் சிந்தியது.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. "தின்னேம்ப்பா! தின்னாத்தான் என்ன? நாளைக்கு மூக்குல கொழாய விட்டு கையக் கட்டிப் போடப்போறாங்கப்பா! நானும் மனுசிதானே, என்னைய ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று நடுக்காட்டில் கத்தினேன். அழுதேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்து, இன்னொரு தட்டில் சோற்றைப் போட்டு, என் கையில் வைத்தார்.

"அடுத்து வண்டிய எடுக்கப்போறது நீதான மாப்ள?"

"நான்தான்."

"அப்பறம்? எடுக்கப்போறவன்ல மொதல்ல திங்கணும்! நீ பசியோட ஸ்டீயரிங்கப் பிடிப்ப, நான் தின்னுட்டுப் பக்கத்துல தூங்கணுமாக்கும்? இம்புட்டு நாளா சொல்லாம கொள்ளாம பட்டினியா ஓட்டிக்கிட்டு வாரே. தின்னு மொதல்ல."

என்னை மாற்று டிரைவர் என்று நினைத்திருக்கிறார். நான் அவருக்குப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஜீப் சூடாகி நின்ற அன்று மட்டும்தான் இரண்டு பேரும் சேர்ந்து தின்றோம். பெரியவர் சாப்பிட்டு, வீட்டுக்காரர் சாப்பிட்டு, மிச்சத்தில் நான் உட்காருவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான், ஆறிய சோறுதான் தின்றாள். அம்மாவுக்கு ஒருநாளாவது இவர் இப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா? ரோட்டில் எவனெவனுக்கோ இத்தனை வருடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கோபம் வந்தது. பசியும் இருந்தது. காலையிலிருந்து நானும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. தின்றேன். சோறு சுடச்சுட இருந்தது.

அவர் குந்தியபடி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"எம் மகளும் இப்படித்தான். தக்காளித் தோல ஒவ்வொண்ணாப் பொறுக்கி ஓரத்துல வைக்கும்."

தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தேன்.

"அதப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டேன்.

"பாக்காம? வீட்டுக்குப் போனா அதத்தான பாத்துக்கிட்டுக் கெடப்பேன். எல்லாரும் நான் தூங்குறேன்னு நெனப்பாங்க" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.