மாமன் மடிக்குப் படித்த இங்கிலீஷ்

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் மூன்று தடவை தோற்றவன் நான். நான்காவது தடவை பரீட்சைக்குப் போகாமல் மிளகாய்க்கு உரம் வைக்கப் போனேன். அதோடு எனக்கும் அந்த மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் இருந்தேன். அப்படிப்பட்டவன் முப்பத்தாறு வயதில், அபிராமத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்" என்று கத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் என் தங்கை மகளுக்காக.

அவள் பிறந்தது எங்கள் வீட்டில்தான். தங்கையின் கணவர் வேலைக்காக முதலில் தனியாக லண்டன் போனார். விசா, வீடு என்று இரண்டு வருடம் இழுத்துவிட்டது. அந்த இரண்டு வருடமும் பிள்ளை என் இடுப்பில்தான் கிடந்தாள். மிளகாய்க் காட்டுக்கும் தூக்கிக்கொண்டு போவேன். பழம் பறிக்கிற பெண்கள் ஆசையாகக் கன்னத்தைக் கிள்ள வந்தால், மிளகாய் தொட்ட கையால் தொடாதே என்று விரட்டுவேன். அம்மா என்பதற்கு முன்னால் மாமா என்றுதான் சொன்னாள். தங்கை இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், கேட்ட காது என்னுடையது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாமன் மணையில் உட்கார வேண்டும், பிள்ளையை மடியில் இருத்த வேண்டும், ஆசாரி வந்து குத்த வேண்டும். வேறு யார் மடியிலாவது வைத்தால் அந்தப் பிள்ளைக்கு மாமன் செத்துவிட்டானா என்று கேட்பார்கள். இவளுக்கு ஒரு வயதில் செய்ய வேண்டியது. அந்த நேரம் பார்த்து அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு துக்கம் விழுந்தது. வருடம் கழியட்டும் என்றார்கள். கழிவதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள்.

அதன் பிறகு ஆறு வருடம் அவளை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் பேசுவாள். முதல் வருடம் பிள்ளை என்னிடம் மழலையில் கதை கதையாகச் சொன்னாள். இரண்டாம் வருடம் "மாமா, சாப்பிட்டியா" என்பது மட்டும் மிஞ்சியது. அப்புறம் "ஹாய் மாமா, பை மாமா." ஹாய்க்கும் பைக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. அவள் மூச்சு விடுவது கேட்கும், யாரோ முதுகில் தட்டி "பேசு, பேசு" என்பது கேட்கும்.

"அவளுக்குத் தமிழ் புரியும்ணே, பேசத்தான் மாட்டேங்குறா" என்பாள் தங்கை.

பொய். நான் "காட்டுல மயில் வந்துச்சு தாயி" என்று சொன்னால் "ஓகே" என்று வரும். மயிலுக்கு எவராவது ஓகே சொல்வார்களா?

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், தங்கை போனில் சொன்னாள்: "அடுத்த ஆவணியில வாரோம்ணே. இங்க அவ கூடப் படிக்கிற பிள்ளையெல்லாம் கடையில போயிக் காது குத்திக்கிருச்சு. உன் மடிக்காகத்தான் நான் இவளுக்குக் குத்தாம வச்சிருக்கேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை. என் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது. அவள் பேசுவது எனக்குத் தெரியாது. ஊர் கூடி நிற்கிற இடத்தில் எந்த உரிமையில் அவளை வா என்று கூப்பிடுவேன்?

அதனால் படிக்கப் போனேன். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாய் எனக்கு மாமன் முறை. அப்படித்தான் எங்கள் ஊர்களில் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம். அவர்தான் கம்ப்யூட்டரில் ஒரு பாடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். வாரம் ஐந்து நாள் வீடியோ பாடம், ஒரு நாள் டீச்சரோடு நேரடிப் பேச்சு.

"மாப்ள, இது நல்ல பாடம். இதப் படிச்ச பயலுக எல்லாம் வேலைக்குப் போயிட்டாய்ங்க" என்றார்.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. அது இன்டர்வியூவுக்கு ஆள் தயார் செய்கிற பாடம். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலீஷ் என்றால் எல்லாம் இங்கிலீஷ்தானே என்று நினைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான்.

பலகை வைத்து அடைத்த சின்ன அறை. மின்வெட்டு அந்த வருடம் ஆட்டிப் படைத்தது. கரண்ட் இருந்தால் லைன் இருக்காது, லைன் இருந்தால் கரண்ட் இருக்காது. இரண்டும் இருக்கிற நாளில் டீச்சரின் வாய் திறந்தபடி திரையில் உறைந்து நிற்கும், ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாசியிலிருந்து மிளகாய்ப் பறிப்பு. களத்தில் பழத்தைக் காயப் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போவேன். மிளகாய் நெடியோடு நான் உள்ளே நுழைந்தால் பக்கத்து அறைகளில் தும்மல் கேட்கும்.

"ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று ஒரு நாள் டீச்சர் இங்கிலீஷில் கேட்டாள். எந்த நாட்டுக்காரி என்று எனக்குக் கடைசிவரை தெரியாது, தமிழ் மட்டும் அவளுக்குத் தெரியாது. நான் யோசித்து, அதே காட்டில், மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் விறகுக்கு வேலிக்கருவை வெட்டிக்கொண்டிருப்பேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அப்படிச் சொல்லக் கூடாதாம். வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். ஐந்து வருடத்தில் மேனேஜர் ஆவேன் என்று ஏழு தடவை சொல்ல வைத்தாள். ஏழு தடவையும் சொன்னேன்.

வீட்டில் என் மனைவி சிரிப்பாய்ச் சிரித்தாள். ஆட்டுக்குத் தழை போடும்போதுகூட நான் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். "ஏங்க, அந்தக் கிடாக்குட்டி ஒங்களுக்கு முன்னாடி வேலைக்குப் போயிரும் போல" என்பாள். சிரித்தாலும், நான் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாகச் சோற்றைப் போட்டுவிடுவாள். அவளுக்கும் பயம் இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மடியில் வைக்க இந்த ஒரு பிள்ளைதான்.

சித்திரை வாக்கில் எனக்கே உறைத்தது. ஆறு மாதம் ஆகப் போகிறது, ஒரு பிள்ளையிடம் பேச ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு டீச்சரிடம் கேட்டேன். தங்கை மகள், என் மடி, காதில் ஓட்டை, கொஞ்சம் வலிக்கும், அழாதே. இதையெல்லாம் எப்படி அன்பாகச் சொல்வது? தெரிந்த வார்த்தைகளை எல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் ஆஸ்பத்திரி வேலைக்கு முயற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இது பாடத்தில் வராது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஹெட்போனைக் கழற்றி எறிந்திருப்பேன். எறிந்தால் பாய்க்கு யார் பதில் சொல்வது? பிரயாணம் எப்படி இருந்தது, உன் ஹாபி என்ன என்று இரண்டு கேள்விகளை மட்டும் இரக்கப்பட்டுக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆவணி பிறந்ததும், காதுகுத்துக்குப் பத்து நாள் முன்னால் அவர்கள் வந்தார்கள். காரிலிருந்து பிள்ளை இறங்கினாள். நல்ல உயரம், தங்கையின் நெற்றி, எங்கள் அய்யாவின் மூக்கு. புழுதியையும் வெயிலையும் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"குட் ஈவினிங். ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?" என்றேன். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"குட்" என்றாள்.

"வாட் இஸ் யுவர் ஹாபி?"

"ஸ்விம்மிங்."

அதற்கு மேல் என்ன செய்வது? வாய் தானாகப் பழகிய தடத்தில் போய்விட்டது. "வாட் ஆர் யுவர் ஸ்ட்ரெங்த்ஸ்?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எட்டு மாதப் படிப்பு வாசற்படி தாண்டுவதற்குள் தீர்ந்துபோனது. பிறகு பிள்ளை என்னைப் பார்த்து வேகமாக என்னவோ கேட்டாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. "எஸ், எஸ்" என்று தலையாட்டினேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் எஸ் என்றேன். அவள் முகம் அழுகிற மாதிரி ஆனது. "பாத்ரூம் எங்கன்னு கேக்குறாண்ணே" என்றாள் தங்கை.

அந்தப் பத்து நாளும் அப்படியேதான். டீச்சர் பேசியது வேறு இங்கிலீஷ், இவள் பேசியது வேறு. மிளகாய்க் காட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தால் ஆவணியில் காடு கட்டாந்தரை. பனம்பழம் சுட்டுக் கொடுத்தேன், நக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினேன் ஒரு தடவை. கை குலுக்கினாள். என் மனைவி உள்ளே போய்விட்டாள், அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

காதுகுத்து, மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில். கண்மாய்க் கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். பட்டுப்பாவாடை, தோடு, பழம், வெல்லம் என்று சீர்த்தட்டுகளோடு மேளத்துடன் போய் இறங்கினோம். புது வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். மடியில் துண்டை விரித்துப் போட்டேன். ஆசாரி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டார். தங்கை பிள்ளையைக் கூட்டி வந்தாள். பாவாடை தடுக்கத் தடுக்க, சிரித்துக்கொண்டேதான் வந்தாள். யார் மடி என்று தெரிந்ததும் நின்றுவிட்டாள். தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த அமைதியில் அவள் பேசியதுதான் எல்லாருக்கும் கேட்டது. விசும்பலுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஐ டோன்ட் நோ ஹிம், மம்மி. ஐ டோன்ட் வான்ட் டு சிட் ஆன் ஹிம். ஐ டோன்ட் நோ ஹிம்."

பத்து நாளில் அவள் பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது அதுதான்.

எங்கள் பெரியய்யா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "ஏலே, நீதான் கம்ப்யூட்டர்ல இங்கிலீசு படிச்சவனாச்சே, பிள்ளை என்னமோ சொல்லுதே, என்னலே?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தங்கை மட்டும் என் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடாதே என்கிற பார்வை.

"ஊசிக்குப் பயப்படுது பெரியய்யா. அவுக அப்பா மடியில இருந்தா அழுகாதாம்."

"மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில அப்பன் மடியா? நல்லாருக்கு நியாயம்!"

"நான்தான சொல்றேன். வைங்க" என்று எழுந்துவிட்டேன். எழும்போது கால் மரத்துப் போயிருந்தது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார், பிள்ளை ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் தோடு இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். படிக்காமலே இருந்திருந்தால், பிள்ளை ஊசிக்குத்தான் அழுகிறாள் என்று நானும் நம்பியிருப்பேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தப் பாடத்தைத் தேடிக் கொடுத்த பாயின் மேல், டீச்சரின் மேல், தங்கையின் மேல், எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. பிள்ளையின் மேல் வரவில்லை. அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

பந்திக்குப் பிறகு தங்கை அவளைக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தினாள். காது மடல் சிவந்து வீங்கியிருந்தது, நான் வாங்கிய தோடு மின்னியது. மாமாவுக்கு ஏதாவது சொல்லு என்று தங்கை அவளைத் தொட்டாள். அவர்கள் ஊரில், தங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து போகிற விருந்தாளிகளிடம் பிள்ளைகள் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருப்பார்கள் போல. நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்.

"தேங்க் யூ ஃபார் கம்மிங்."

"யூ ஆர் வெல்கம்" என்றேன்.