விரும்பிக் கேட்டவள்

குருநகர் யாகோப்பின்ரை மோன் றஜிந்தனுக்கு வாய் பிறவியிலையே வாய்ச்சது. பள்ளிக்கூடம் போற வயசிலை கோயில் பெருநாளுக்கு மைக் பிடிச்சு, "வெள்ளை வான்காரர் வானைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ" எண்டு அவன் சொன்னாலே சனம் நிண்டு கேக்கும். அந்த வாயாலைதான் யாழ்ப்பாணத்து எஃப்எம் ஒண்டிலை வேலை கிடைச்சது. பிறகு பாட்டுப் போடுற ரீவி ஒண்டிலையும் சனிக்கிழமையிலை முகம் காட்டினான்.

அங்கைதான் வினை. மைக்குக்கு முன்னாலை போனதும் ஆள் 'றெஜ்' ஆயிட்டான். "ஹாய் மக்களே, செம பாட்டு வருது, மிஸ் பண்ணிடாதீங்க" எண்டு ஒரே இந்தியத் தமிழ். தாய் செபஸ்தியம்மா சந்தையிலை மீன் விக்கிறவள் எண்டது துரைக்குப் பெரிய வெக்கம். கூட வேலை செய்யிற ஆக்களுக்குத் தான் கொழும்பிலை பிறந்து வளந்தவன் எண்டு பொய் அவிச்சு வைச்சான். உடுப்பிலை மீன் மணக்குமோ எண்டு பயந்து, பஸ்ஸுக்குள்ளையே சென்ற் அடிப்பான். விசரன்.

செபஸ்தியம்மாவுக்கு உந்தப் புதினம் ஒண்டும் தெரியாது. மீன் வெட்டுற பலகைக்குப் பக்கத்திலை றேடியோவை வைச்சு, வாற போற ஆக்களுக்கெல்லாம் "என்ரை மோன்தான் கதைக்கிறான்" எண்டுவாள். "உவன் ஏன் உப்பிடிக் கதைக்கிறான்?" எண்டு ஆரும் கேட்டால், "அது தொழிலடி" எண்டுவாள்.

அவன்ரை பிறந்தநாள் வந்தது. எங்கடை சனம் றேடியோவிலை வாழ்த்துச் சொல்லுறதெண்டால் ஒரு முறை இருக்கல்லோ. வீட்டிலை உள்ள அத்தனை பேரையும் வரிசையாச் சொல்லி முடிச்சால்தான் பாட்டு. செபஸ்தியம்மாவும் ஆசைக்கு, மோனுக்குச் சொல்லாமல், அவன்ரை நிகழ்ச்சிக்குப் போன் எடுத்தாள். கதைக்கிறது அப்பிடியே ஊர் முழுக்கக் கேக்கிற நேரடி நிகழ்ச்சி.

"ஹலோ, யார் பேசுறீங்க?"

"மோனை, நான்..."

குரல் ஆற்றையெண்டு அவனுக்கு உடனை விளங்கிச்சுது. கண்ணாடிக்கு அங்காலை கூட வேலை செய்யிற ஆக்கள் பிறந்தநாள் கேக்கோடை பாத்துக்கொண்டு நிக்கினம்.

"உங்க பேரு, ஊரு சொல்லுங்கம்மா" எண்டான், ஆரோ பிறத்தியாரோடை கதைக்கிற மாதிரி.

 தாய் பேரையும் ஊரையும் சொன்னாள்.

"செபஸ்தியம்மா, குருநகர். மகனுக்குப் பிறந்தநாள். அப்பா யாகோப்பு, அம்மா செபஸ்தியம்மா, தங்கச்சி பிரியந்தினி வாழ்த்துகினம்."

"சூப்பர். பையன் பேரு? பக்கத்துல இருக்காரா?"

எல்லாரிட்டையும் கேட்டுக் கேட்டுப் பழகின வாய், பெத்தவளிட்டையும் கேட்டுப்போட்டுது.

"பேர் வேண்டாம், தம்பி. அவர் தூர இடத்திலை இருக்கிறார். உதைக் கேக்கமாட்டார். நீங்கள் பாட்டைப் போடுங்கோ."

மோனை எண்டு தொடங்கினவள் தம்பி எண்டு மாத்திப்போட்டாள். அவன்ரை பொய்யைத் தானே விளங்கி, தானே மூடிவிட்டாள்.

பாட்டுப் போய்க்கொண்டிருக்குது, அவனுக்கு ஒரு சொல்லும் காதிலை ஏறேல்லை. கேக்கை வாயிலை தீத்த வந்த ஆக்களிட்டை "என்ரை அம்மாதான் கதைச்சவ" எண்டு அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. கேக்கைத் திண்டான், கோழை. தன்னை நினைக்கத் தனக்கே அரியண்டமாக் கிடந்தது.

வீட்டை வரேக்குள்ளை, அம்மா நாலு பேச்சுப் பேசினால் காணும், காலிலை விழுந்திடலாம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தான். அவள் ஏசேல்லை. கணவாய்க் கறியோடை சோத்தைப் போட்டு முன்னாலை வைச்சாள். அவன் தலை நிமிரேல்லை.

"நான் போன் எடுத்தது உனக்கு அங்கை வெக்கமாப் போச்சோ, மோனை? இனி எடுக்கமாட்டன், சாப்பிடு" எண்டாள்.